திராட்சைக்கு வந்த ஐஸ்

அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் பழங்களுக்குக் கிடைத்த மரியாதை மனுஷர்களுக்குக் கிடைக்கவில்லை. அவற்றுக்குத் தனி அறை, தனிப் படுக்கை, வேளாவேளைக்கு விசாரிப்பு. எனக்கு அப்போது காய்ச்சல் வந்து மூன்றாம் நாள்தான் அம்மாவுக்கே தெரிந்தது. ஒரு சாத்துக்குடிக்குக் காம்புப் பக்கம் லேசாக நிறம் மாறினால் பெரியம்மாவுக்கு அடுத்த நிமிஷம் தெரிந்துவிடும்.

மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. பெரியப்பா, பெரியம்மா, அம்மா, நான் என்று நாலு பேர். அப்பாவுக்கு நாக்பூரில் ரயில்வே உத்தியோகம். வருஷத்துக்கு ஒரு முறை வருவார், வந்த மறுநாளே திரும்பிப் போவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். பெரியப்பாவுக்குக் குழந்தை இல்லை. ஆகவே அப்பா இல்லாத குறையை அவரும், பிள்ளை இல்லாத குறையை நானும் தீர்த்துக்கொண்டிருந்தோம் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா ராயப்பேட்டையில் ஒரு அச்சாபீஸில் மேனேஜர். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அரிசிக்குக் கூப்பன், காகிதத்துக்குத் தட்டுப்பாடு. ஆனால் அச்சாபீஸில் மட்டும் வேலை குறைந்தபாடில்லை. சனிக்கிழமைகளில் அங்கேயே தங்கி, ஞாயிறு மதியம்தான் வருவார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவருடைய கண்ணைப் பார்த்துப் பெரியம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். கண் மஞ்சளாக இருந்தது. இரண்டு நாளில் நகம் மஞ்சள், உள்ளங்கை மஞ்சள், படுத்த தலையணை உறைகூட மஞ்சள்.

டாக்டர் வந்து பார்த்தார். காமாலை முற்றிப்போயிருக்கிறது என்றார். எண்ணெய் கூடாது, உப்பு கூடாது, புளி கூடாது; பழரசம் ஒன்றுதான் ஆகாரம். அதுவும் நல்ல பழமாக இருக்க வேண்டும், அழுகல் பட்டது ஒரு சுளை உள்ளே போனாலும் அப்புறம் தன்னைக் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கடைசி வார்த்தையைப் பெரியம்மா பிடித்துக்கொண்டாள். புருஷன் உயிர் டாக்டர் கையிலும் இல்லை, கடவுள் கையிலும் இல்லை, சாமான் அறையில் இருக்கிற பழங்களின் தோலுக்குள் இருக்கிறது என்று அவள் முடிவு கட்டியது அன்றைக்குத்தான்.

சென்னைப் பட்டணத்துச் சித்திரை வெயிலில் பழம் எத்தனை நேரம் தாங்கும்? நினைத்தபோது வாங்கவும் முடியாது. ரயில் வண்டிகளெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் கொத்தவால்சாவடியிலேயே பழம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. நல்லவேளையாக, அம்மாவின் தம்பி, என் மாமா, சென்ட்ரலில் பார்சல் ஆபீஸில் இருந்தார். குன்னூரிலிருந்து வரும் கூடை ஒன்றை எப்படியோ பேசி எடுத்துக்கொண்டு வருவார். ஆப்பிள், பிளம்ஸ், பேரிக்காய். சாத்துக்குடியும் பன்னீர் திராட்சையும் ராயப்பேட்டை மார்க்கெட்டில் பாய் கடையில் கிடைக்கும். அடுத்த கூடை எப்போது வரும் என்று மாமாவுக்கே தெரியாது. வந்ததை வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

பெரியம்மா காப்பாற்றினாள். சாமான் அறையின் ஒற்றை ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டி, அதில் நேரத்துக்கொரு செம்பு தண்ணீர் தெளித்தாள். சாத்துக்குடிகள் ஈரமணல் பரப்பிய தாம்பாளத்தில், ஒன்றோடொன்று ஒட்டாமல், காம்பு மேலே பார்க்க உட்கார்ந்திருந்தன. ஆப்பிள்களை ஒவ்வொன்றாகப் பழைய பேப்பரில் சுற்றி வைக்கோலில் படுக்க வைத்தாள். திராட்சைக் கொத்துகளைத் தண்ணீர் படாமல், அப்படியே நூல் கட்டிக் கொடியில் தொங்கவிட்டாள். தினமும் கத்தரிக்கோலோடு போய், கொழகொழத்த ஒரு பழத்தை மட்டும் பக்கத்துப் பழத்துக்கு வலிக்காமல் நறுக்கி எடுப்பாள். வாழைத்தாரை வீட்டுக்குள்ளேயே சேர்க்கவில்லை. அது பக்கத்தில் இருந்தால் மற்றதெல்லாம் சீக்கிரம் பழுத்துக் குழைந்துவிடுமாம். கிணற்றடி வாழைத்தார் கொல்லையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது, ஏதோ திருடிப் பிடிபட்டதுபோல.

எனக்கு அந்த அறைக்குள் போக அனுமதி இல்லை. வாசல்படியில் நின்று மூக்கால் சாப்பிடலாம். அந்த வாசனையில் எனக்கு வாய் ஊறி ஊறிக் கன்னம் வலிக்கும். ஒரு நாள் ஒரே ஒரு திராட்சை கேட்டேன். பெரியம்மா கோபிக்கவில்லை, கொடியில் இருந்த கொத்துகளை ஒரு முறை பார்த்து, பெரியப்பா எழுந்து உட்காரட்டும், ஒரு கொத்து முழுசாகத் தருகிறேன் என்றாள். அவள் குரலைக் கேட்டு எனக்கே கேட்டிருக்க வேண்டாம் என்று ஆகிவிட்டது.

ஆனால் கத்திரி வெயில் வந்தது. வெட்டிவேர்த் தட்டி தண்ணீர் தெளித்த கையோடு காய்ந்தது. ஒரு காலையில் அறையைத் திறந்தால் புளித்த வாசனை. கொடியில் பாதித் திராட்சை வெடித்துக் கசிந்து, பிளம்ஸ் கூடைக்கு அடியில் சிவப்பாக ஒழுகியிருந்தது. பெரியம்மா அந்த ஈரத்தில் விரலை வைத்துப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குப் பெரியப்பாவுக்கு ஜுரமும் கூடியிருந்தது. இரண்டும் ஒரே நாளில் வந்தது அவளைக் கலக்கிவிட்டது.

அப்போதுதான் மாமா ஐஸ் யோசனையைச் சொன்னார். மாமாவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு யோசனை உண்டு. அதில் பாதி யாராவது துரை வீட்டில் கேள்விப்பட்டதாக இருக்கும். துரைகள் வீட்டில் ஐஸ் பெட்டி என்று ஒன்று வைத்திருக்கிறார்களாம், மே மாதத்திலும் அதற்குள் பழம் பறித்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்குமாம். நம் வீட்டில் பெட்டிக்கா பஞ்சம்? பெரியம்மாவின் கல்யாணச் சீரோடு வந்த நீளமான மரப்பெட்டி பரணில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆறடி நீளம், பலா மரம். அதை இறக்கிச் சாமான் அறையில் போட்டார்கள். அடியில் மரத்தூள், அதன்மேல் சாக்கு சுற்றிய ஐஸ் கட்டி, அதற்கு மேல் பலகை, பலகைமேல் வைக்கோல், வைக்கோலில் பழம். ஐஸ் நேரே பழத்தைத் தொடக்கூடாது, தொட்டால் கறுத்துவிடும் என்று மாமா விரலை ஆட்டிச் சொன்னார். ராயப்பேட்டையில் ஐஸ் டிப்போவில் சொல்லிவிட்டு, வண்டி நேரே வீட்டுக்கு வரும் என்று ஆபீசுக்குப் போய்விட்டார்.

இங்கே எங்கள் தெருவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். லஸ்ஸில் சர்பத் கடையில் கண்ணாடித் தம்ளருக்குள் மிதக்கிற ஐஸ் வேறு. முழுக் கட்டியாக, சாக்கில் சுற்றி, கைவண்டியில் ஒரு வீட்டுக்குள் ஐஸ் போனால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே ஒரு காரணம்தான். வீட்டில் யாரோ இறந்துவிட்டார்கள், கொள்ளி வைக்க வேண்டியவர் வெளியூரிலிருந்து வந்து சேர வேண்டும், அதுவரை உடம்பு தாங்க வேண்டும். இது மாமாவுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் யோசனை சொல்கிறவர்களுக்கு இதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகம் வராது.

வண்டி வந்த அன்று பெரியப்பா தூங்கிக்கொண்டிருந்தார். காமாலை அரிப்பில் பல நாளாகக் கண் மூடாதவருக்கு டாக்டர் ஒரு மருந்து கொடுத்திருந்தார். அவர் தூங்குகிறார் என்றதும் பெரியம்மா வீட்டையே மூடிவிட்டாள். ஜன்னல், கதவு எல்லாம் சாத்தி, வாசலில் என்னை நிறுத்தி, கீரைக்காரியும் நுங்கு விற்கிறவனும் கூவாமல் போக வேண்டும் என்று சொல்லச் சொன்னாள். நான் உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் அனுப்பிக்கொண்டிருந்தேன். அவர்கள் என் முகத்தையும் சாத்திய கதவையும் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள்.

வண்டிக்காரர் வீட்டு வாசலில் நின்றதும் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். வண்டியிலிருந்து சொட்டிய தண்ணீர் காலையில் போட்ட கோலத்தின்மேல் ஓடி அதைப் பாதி அழித்துவிட்டது.

"அச்சாபீஸ் ஐயா வூடு இதானே பாப்பா?" என்றார், ரொம்பத் தணிந்த குரலில்.

தலையாட்டினேன். ஐஸைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே வந்தவர் எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டார். சாமான் அறையில் என்று அம்மா சொன்னதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சாமான் ரூம்லயா?" என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். திறந்து கிடந்த ஆறடிப் பெட்டியைப் பார்த்தார். ஐஸை அதற்குள் இறக்கினார். அம்மா காசு கொடுக்கப் போனபோது இரண்டடி பின்னால் நகர்ந்து கையைக் கூப்பினார்.

"வோணாம்மா. இதுக்கெல்லாம் நான் கை நீட்ட மாட்டேன். தங்கமான மனுசன்."

மாமாவைத்தான் சொல்கிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். தம்பிக்கு டிப்போ வரைக்கும் நல்ல பெயர் இருக்கிறதே என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு தெருவில் நடந்ததை எதிர்வீட்டு மாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் பல வருஷம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "உங்காத்துக்குள்ள ஐஸ் போறதைப் பார்த்துண்டே நின்னேன். உள்ளேருந்து ஒரு அழுகைச் சத்தம் வரணுமோன்னோ? வரலை." தெரு முழுக்கவே அந்த அழுகைக்காகக் காத்திருந்ததாம். அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெண்கள் ஒவ்வொரு வாசலிலும் தயாராக நின்றார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. உள்ளே சத்தமே இல்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் அழாமல் இருந்தால் மனசு புரண்டுவிடும், அவளை எப்படியாவது அழ வைத்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியில் பொறுக்க முடியாமல் கும்பலாகக் கிளம்பி வந்தார்கள். நல்ல மனசோடுதான் வந்தார்கள்.

நான் வாசலில் உதட்டில் விரலை வைத்து நின்றேன். என்னைக் கட்டி முத்தம் கொடுத்துத் தள்ளிவிட்டு உள்ளே போனார்கள்.

பெரியம்மா சாமான் அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முடி அவிழ்ந்து தோளில் கிடந்தது. புடவை ஈரம், கையெல்லாம் மரத்தூள். மூடிய பெட்டிமேல் வெயில் படாமல் பெரியப்பாவின் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்திருந்தாள். வாசலில் நிழல் விழவும் நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் கடைசி வீட்டு அக்கா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அழுதுடு தாயீ, அடக்காதே, அழுதுடு" என்று ஓங்கிக் குரலெடுத்தாள். பின்னால் வந்த அத்தனை பேரும் மார்பில் அடித்துக்கொண்டார்கள்.

பெரியம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு கூடத்துக்கு அந்தப் பக்கம் சாத்தியிருந்த பெரியப்பாவின் அறைக் கதவைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். ஊருக்கே தெரிந்துவிட்டது, பக்கத்து அறையில் இருந்த எனக்குத் தெரியவில்லையே என்று நினைத்துவிட்டாள். ஐஸோடும் திராட்சையோடும் தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் கதவுக்குப் பின்னால் அவர் போய்விட்டார் என்று நம்பிவிட்டாள். ஒரு அலறல் போட்டாள் பாருங்கள், அந்த மாதிரிச் சத்தத்தை நான் அதற்கப்புறம் கேட்டதில்லை.

அவள் அலறியதைக் கேட்டு அம்மா நம்பினாள். அம்மாவைப் பார்த்து நான் நம்பினேன். எங்களைப் பார்த்துத் தெருக்காரர்களுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போயிற்று. கதவைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பெரியம்மாவுக்குத் தோன்றியது, அவள் எழுந்து கூடம் வரை ஓடிவிட்டாள். ஆனால் அந்த நிலைமையில் இருக்கிறவளை எழுந்திருக்க விடாமல் பிடித்து உட்கார வைப்பதுதான் முறை. நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவள் திமிறத் திமிற, பாவம் எப்படித் துடிக்கிறாள் பார் என்று இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். வெளியே எதிர்வீட்டு மாமா பொறுப்பை ஏற்றுக்கொண்டு, நாக்பூருக்குத் தந்தி கொடுக்க ஒரு ஆள், மற்றதற்கு ஒரு ஆள் என்று ஏவிக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. சுவரோடு சுவராக நின்றேன். பெரியப்பா இனிமேல் இல்லை என்பது புரியாமல், இந்தப் பழங்களை இனி என்ன செய்வார்கள் என்பது மட்டும் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடியதை நினைத்தும் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் வாசலில் ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெண்பிள்ளை இறங்கினாள். அம்மாவைவிடச் சின்னவளாக இருப்பாள். கறுப்பு, ஒல்லி, தலையில் எண்ணெய்கூட வைக்காமல் அவசரமாகக் கிளம்பி வந்திருந்தாள். கையில் ஒரு பையனைப் பிடித்திருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தவள், யார் எவர் என்று கேட்காமல், பிடித்து உட்கார வைக்கப்பட்டிருந்த பெரியம்மாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"நான் எதுவும் கேட்டுக்கினு வர்லம்மா," என்றாள். மூச்சு வாங்கியது. "மூஞ்சிய ஒரு தபா பாத்துட்டுப் பூடறேன். ஐஸ்ல வெச்சிக்கீறாங்கன்னு வண்டிக்காரர் வந்து சொன்னாரு. ஐஸ்ல வெக்காதீங்கம்மா. அவுருக்குக் குளுரு ஆவாது."

ஒப்பாரி சட்டென்று நின்றுவிட்டது. பெரியப்பாவுக்குக் குளிர் ஆகாது என்பது உண்மை. சித்திரை மாதத்திலும் வெந்நீரில்தான் குளிப்பார். இரவில் மின்விசிறிக் கடை வழியாகப் போனால்கூட மப்ளரை எடுத்துக் கட்டிக்கொள்வார். ஆனால் அது வீட்டில் இருக்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம். பெரியம்மா திமிறுவதை நிறுத்தினாள்.

அந்தப் பெண்பிள்ளை பையனை முன்னால் தள்ளினாள்.

"நாக்பூர்லேர்ந்து யாரும் வர்ற வரிக்கும் காக்க வோணாம். கொள்ளி வெக்க அவுரு புள்ள கீறான்."

எதிர்வீட்டு மாமா தந்திக்கு எடுத்த காசைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். எனக்கு என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் முதலில் வந்ததைவிடப் பெரிதாக ஏதோ வந்துவிட்டது என்று மட்டும் அம்மா இழுத்த இழுப்பில் தெரிந்தது.

அப்போது பெரியப்பாவின் அறைக் கதவு திறந்தது.

மஞ்சள் கண்ணும் தாடியுமாக, கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பெரியப்பா நின்றார். தூக்க மருந்தின் மயக்கம் அவருக்கு இன்னும் தெளியவில்லை. கடைசி வீட்டு அக்கா அப்படியே பின்னால் சாய்ந்தாள். ஒருத்தி சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே கொல்லை வழியாக ஓடினாள். செத்துப்போனவர் எழுந்து வந்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

பெரியப்பா எங்களை யாரையும் பார்க்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில் நின்ற பையனைப் பார்த்தார். அவன் காலைப் பார்த்தார்.

"ஏண்டா கண்ணு, இந்த வெயில்ல வெறுங்காலோட வந்தே?" என்றார். "செருப்பு எங்கடா? பொங்கலுக்குத்தானே வாங்கித் தந்தேன்?"

சொன்ன பிறகுதான் அவருக்குத் தூக்கம் கலைந்தது. சுற்றிலும் நிற்கிற முகங்களைப் பார்த்தார். வந்தவளைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார். அந்தப் பெண்பிள்ளை மட்டும் ஒரே ஓட்டமாகப் போய் அவர் காலைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அழுகையும் சிரிப்புமாக, பைத்தியம் பிடித்தவள் மாதிரி சிரித்தாள். அவர் உயிரோடு இருக்கிறார் என்று அந்த வீட்டில் சந்தோஷப்பட்டவள் அப்போது அவள் ஒருத்திதான். எங்களுக்கெல்லாம் சந்தோஷப்படவேண்டும் என்பதே மறந்து போயிருந்தது.

பெரியம்மாவைப் பிடித்திருந்த கைகள் தாமாகவே விலகின. இப்போது ஏதோ நடக்கப் போகிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் எழுந்தாள். முடியை அள்ளி முடிந்துகொண்டாள். பெரியப்பாவிடம் போய், அவர் முகத்தைப் பார்க்காமல், "காலு நடுங்குது பாருங்க. போய்ப் படுங்க" என்றாள். பிறகு தெருக்காரர்கள் பக்கம் திரும்பி, "வெயில் ஏறிடுச்சு, எல்லாரும் போயிட்டு வாங்க" என்றாள். இழவு வீட்டில் யாரும் யாரையும் போய்விட்டு வா என்று சொல்வதில்லை. அதைக் கேட்ட பிறகுதான் இங்கே சாவு எதுவும் இல்லை என்பது சிலருக்கு மண்டையில் ஏறியது. ஆனாலும் போக மனசில்லாமல்தான் போனார்கள். திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியாக என்னைக் கூப்பிட்டாள். "அந்தப் பையன உள்ள கூட்டிட்டுப் போ. ஒரு கொத்துத் திராட்சை எடுத்துக் குடு."

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. எனக்குக் கிடைக்காத திராட்சை, முன்னே பின்னே தெரியாத பையனுக்கா? பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். சாமான் அறைக்குப் போய் வேட்டியை விலக்கி, பெட்டியின் மூடியைத் தூக்கினேன். குளிர்ச்சி முகத்தில் வந்து மோதியது. மாமா சொன்னது சரிதான். ஒரு பழம்கூட வாடவில்லை.

அவன் கொத்தை இரண்டு கையாலும் வாங்கி, ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தின்றான். எனக்கும் பாதி கொடுத்தான். பல் கூசியது. எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டேன். ராயப்பேட்டையில் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம், ரெண்டாங்கிளாஸ் என்றான். நானும் ரெண்டாங்கிளாஸ்தான் என்றேன். உன் அப்பா எங்கே என்று கேட்டதற்கு, வாயில் திராட்சையோடு பெரியப்பாவின் அறைப் பக்கம் தாடையைக் காட்டி, "தோ, நைனா உள்ளார கீறாரே" என்றான். ராயப்பேட்டைப் பக்கம் வயசானவர்களை எல்லாம் நைனா என்பார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் மேலே கேட்கவில்லை. சற்று நேரத்தில் அவன் அம்மா வந்து கூப்பிட்டாள். போகும்போது என் அம்மாவின் பழைய செருப்பை, அவன் காலுக்கு ரொம்பப் பெரிசு, பெரியம்மாவே எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

அந்த ஐஸ் மூன்று நாள் தாங்கியது. மாமா இன்னொரு கட்டி சொல்லட்டுமா என்று கேட்கவே இல்லை; வீட்டுப் பக்கமே கொஞ்ச நாள் வரவில்லை. பெரியப்பா பிழைத்துக்கொண்டார். பழரசம் ஒரு வேளைகூடத் தவறவில்லை, அதில் ஒரு அழுகல் சுளைகூட விழவில்லை. அதைப் பெரியம்மா அப்படியேதான் பார்த்துக்கொண்டாள். தம்ளரை அவர் கையில் கொடுக்காமல் பக்கத்து முக்காலியில் வைத்துவிட்டு வந்துவிடுவாள், அது ஒன்றுதான் வித்தியாசம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று சாயங்காலத்தைப் பற்றி. விளக்கேற்றுகிற நேரம். பெரியம்மா சாத்துக்குடியைப் பிழிந்து மெல்லிய துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று பெரியம்மா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அந்தப் புள்ளைக்கு என்ன வயசிருக்கும்?"

அம்மா விளக்குத் திரியைச் சரி செய்வது போலக் குனிந்துகொண்டாள். ஒரு பெரிய கேள்விக்கு எனக்கு மட்டும் பதில் தெரியும் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "என் வயசுதான் பெரியம்மா. அவனும் ரெண்டாங்கிளாஸ். நான் கேட்டுட்டேன்" என்றேன்.

வடிகட்டிக்கொண்டிருந்த கை நின்றது. நான் பிறந்த வருஷம்தான் பெரியம்மாவும் பிள்ளைப்பேற்றுக்குக் காஞ்சிபுரத்தில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாளாம். அந்தக் குழந்தை ஆடி மாதம் பிறந்து, நாலு நாள்கூடத் தங்கவில்லை. உடம்பு தேறும்வரை மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தாள். முதலில் சனிக்கிழமை தவறாமல் ரயிலேறி வந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா, அச்சாபீஸில் வேலை மிஞ்சிவிட்டது என்று அப்போதுதான் வருவதை நிறுத்தினார். இதையெல்லாம் அம்மா எனக்குச் சொன்னது எனக்கே கல்யாணமாகி, முதல் குழந்தை பிறந்த பிறகு. அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. பெரியம்மா கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு ஏதோ எண்ணுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எந்த மாசம் பொறந்தானாம்?" என்று கேட்டாள். குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது.

அதைக் கேட்காமல் விட்டுவிட்டோமே என்று எனக்கு வருத்தமாகிவிட்டது. "தெரியல பெரியம்மா. அடுத்த தடவை வருவான் இல்ல, அப்ப மறக்காம கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். நல்லது செய்யப் போனவளை எதற்காகக் கிள்ளுகிறாள் என்று புரியாமல், பெரியம்மா எனக்காகப் பரிந்து பேசுவாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.